பின் சீற்றில் ஹெட்ரெஸ்ட் இல்லாத கார்: ஏழு மாத அனுபவம்

இந்தக் காரை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. 2015 ஆம் ஆண்டு செய்த, ஜப்பானில் பாவித்து இங்கே வந்த, 1000 சிசி சின்னக் கார். வவுனியாவில் ஒரு கார் சேலில் 40 லட்சத்துக்கு மேல் விலை பேசி, பாதிக்கு மேல் லீசிங் போட்டு எடுத்தோம். காரின் பெயரையும் சேலின் பெயரையும் நான் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த ஒரு காரில் மட்டும் இருப்பதல்ல. எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வாகனத்தில் இதைப் பார்த்துவிட்டேன். அதனால் எந்தக் கம்பனி என்று தேடாமல், உங்கள் வீட்டு வாகனத்தின் பின் சீற்றை ஒருமுறை நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்கு ஏ9 இல் ஓடினால் லீற்றருக்கு 17 கிலோமீற்றர் கிடைக்கிறது. ஏசி நல்ல குளிர். எங்கள் பக்கத்துக் கிரவல் றோட்டில் அடி தட்டாமல் போகிறது, மழைக்கு ஒருமுறைதான் தட்டியது. எஞ்சினில் இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பின் சீற்றை மறந்துவிட்டால் இந்தக் காருக்கு நான் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் பின் சீற்றை என்னால் மறக்க முடியாது, ஏனென்றால் அங்கே இருந்தது அம்மா.

ஐந்தாவது மாதம் நடந்தது. வவுனியாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் இவர், பின்னால் இடது பக்கம் அம்மா, வலது பக்கம் மகன், அவனுக்கு ஒன்பது வயது. மாங்குளம் தாண்டி முறிகண்டிக்கு இன்னும் கொஞ்சத் தூரம், மைம்மல் நேரம். அந்த நேரம் அந்த றோட்டில் ஓடியவர்களுக்குத் தெரியும், மாடுகள் பட்டிக்குத் திரும்பும், ஒன்று கடந்தால் பின்னால் பத்து வரும். நான் தூரத்திலேயே கண்டு மெதுவாக்கி, லைற்றும் போட்டு, முழுதாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த வான்காரருக்கு நிறுத்த முடியவில்லை. அவரும் பிரேக் பிடித்துத்தான் இருக்கிறார், தேய்த்துக்கொண்டு வந்த சத்தம் கேட்டது, பிறகு ஒரு இடி.

பெரிய விபத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின் பம்பர் உள்ளே போனது, டிக்கிக் கதவு நெளிந்தது, ஒரு லைற் உடைந்தது. இறங்கிப் பார்த்தோம், எல்லாரும் எழும்பி நடக்கிறோம், இரத்தம் இல்லை. வான்காரரும் தன்மையான மனுசன், "அக்கா, ஆருக்கும் ஏதும் இல்லைத்தானே" என்று மூன்று முறை கேட்டார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா அன்றிரவு சாப்பிட்டுவிட்டு வழக்கம் போல் படுத்தார்.

காலையில் அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. "பிள்ளை, கழுத்தைப் பிடிச்சுப் பூட்டின மாதிரிக் கிடக்கு" என்றார். தோள்மூட்டு வரைக்கும் வலி, தலையின் பின்பக்கம் இடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை, கழுத்துத் தசையும் நாரும் இழுபட்டிருக்கிறது என்றார் டொக்டர். இந்த வலி உடனே தெரியாது, சில மணித்தியாலம் கழித்தோ அடுத்த நாளோதான் ஏறும் என்றும் சொன்னார். பிறகு அவர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இதையெல்லாம் தேட வைத்தது. "அம்மா எந்தச் சீற்றில இருந்தவ? பின்னால தலைக்கு ஏதும் தாங்கல் இருந்ததா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஐந்து மாதம் ஓட்டிய என் காரில் பின்னால் ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து பார்த்தால், இல்லை. சீற்றின் முதுகு தோளுக்குச் சற்று மேலே வந்து அப்படியே முடிகிறது. கம்பி செருகும் துளைகூட இல்லை.

இடித்தபோது என்ன நடந்தது என்பதை இப்போது எனக்குப் படம் போலச் சொல்ல முடியும். பின்னால் இருந்து இடி விழுந்தால் கார் முன்னால் தள்ளுப்படும், காரோடு சேர்ந்து சீற்றும் தள்ளுப்படும், சீற் முதுகைத் தள்ளும். தலையைத் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். வளர்ந்த ஆளின் தலை கிட்டத்தட்ட 4.5 முதல் 5 கிலோ. உடம்பு முன்னுக்குப் போக, அந்தப் பாரம் பின்னுக்கு நிற்க, இரண்டுக்கும் இடையில் கழுத்து வளைந்து இழுபடுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பிடித்துக்கொள்ளக்கூட நேரம் கிடையாது. ஹெட்ரெஸ்ட் செய்வது ஒன்றே ஒன்று, முதுகு நகரும்போது தலையையும் கூடவே நகர்த்துகிறது. நித்திரை கொள்ளத் தலை சாய்ப்பதற்கு என்று நாங்கள் நினைத்திருக்கிறோமே, அதற்காக அது வந்ததே இல்லை.

எங்கள் நாலு பேரையுமே பாருங்கள், அதுவே சாட்சி. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் ஹெட்ரெஸ்ட் இருந்தது, ஒரு வலியும் இல்லை. மகன் சின்ன ஆள், சீற்றின் முதுகே அவன் தலைக்குப் பின்னால் வருகிறது, அவனுக்கும் ஒன்றும் இல்லை. அம்மா ஒருவருக்கு மட்டும்தான் தலைக்குப் பின்னால் வெறும் வெளி.

தேடித் தேடி வாசித்ததில் எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஹெட்ரெஸ்ட் பற்றிய விதிகளும் முன் சீற்றில் இருந்துதான் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் புதிய கார்களில் ஹெட்ரெஸ்ட் கட்டாயம், ஆனால் முன் சீற்றுக்கு மட்டும். 2004 இல் அந்த விதியைத் திருத்தி இறுக்கியபோதும் பின் சீற்றுக்குக் கட்டாயம் ஆக்கவில்லை. போட்டால் இருக்கிறவரின் இடுப்பு மூட்டு மட்டத்தில் இருந்து குறைந்தது 750 மில்லிமீற்றர் உயரம் இருக்க வேண்டும் என்று மட்டும் வைத்தார்கள், முன் சீற்றுக்கு 800. கழுத்தைக் காப்பதற்கென்றே விசேடமாகச் செய்த சீற்றுகளை ஸ்வீடன் கம்பனிகளான சாப் 1997 இலும் வொல்வோ 1998 இலும் கொண்டுவந்தபோது, அவையும் முன் சீற்றுக்குத்தான் வந்தன. ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கெப் பின் சீற் ஹெட்ரெஸ்டை அளந்து மதிப்பெண் போடத் தொடங்கியது 2014 இல்தான்.

ஓட்டுகிறவர் தனியாகப் போகும் நாடுகளில் அது ஓரளவு பொருந்தலாம். எங்கள் ஊரில் கார் எப்போது வெளியே போகிறது? யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு, வற்றாப்பளைப் பொங்கலுக்கு, மடுத் திருவிழாவுக்கு, செத்த வீட்டுக்கு. அப்போது பின்னால் இருப்பது யார்? வயது போனவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், ஒப்பரேசன் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள். வீட்டில் யாருடைய கழுத்து இடி தாங்காதோ அவர்களைத்தான் நாங்கள் மரியாதையாகப் பின்னால் ஏற்றுகிறோம்.

சரி, சேலுக்கு வருகிறேன். இணையத்தில் அவர்கள் போட்ட விளம்பரத்தை வாங்குவதற்கு முதல் நாள் இவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், அதனால் படங்கள் போனில் அப்படியே கிடந்தன. திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் பக்கம், எஞ்சின், மீற்றர் எல்லாம் எங்கள் கார். பின் சீற் படம் மட்டும் வேறு கார், அதில் இரண்டு பக்கமும் ஹெட்ரெஸ்ட் இருக்கிறது, சீற்றுத் துணியின் நிறமும் வேறு. இதே மொடலில் கூடின கிரேட்டுக்கு ஹெட்ரெஸ்ட் உண்டு, குறைந்த கிரேட்டுக்கு இல்லை. எங்களுக்கு விற்றது குறைந்தது, படம் போட்டது கூடினது. ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாளையும் காட்டித்தான் விற்றார்கள். நாங்களும் கிலோமீற்றரையும் கீறல்களையும் குனிந்து குனிந்து பார்த்தோம். நான் பார்த்த அந்தத் தாளில் சீற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

போனோம். முதலாளி இருத்தித் தேத்தண்ணி தந்தார், பேச்சில் குறை இல்லை. ஆனால் சொன்னது இதுதான்: "ரீச்சர், அது சும்மா சொகுசுக்குப் போடுறது. பின்னால அது இல்லாட்டித்தான் கண்ணாடியில றோட்டு வடிவாத் தெரியும். இவ்வளவு காலம் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை." படத்தைக் காட்டினேன். "அது பொடியன் மாறிப் போட்டிட்டான்" என்றார். பணமாகவோ பொருளாகவோ ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, காரை எடுத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று பதில். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை என்று அவர் சொன்னது உண்மையாக இருக்கும் என்றே நினைக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் எங்கள் ஆட்கள் கிடைத்ததை, கேட்ட விலைக்கு எடுத்தார்கள். விற்கிறவரிடம் சீற்றைப் பற்றிக் கேள்வி கேட்கிற நிலையில் யார் இருந்தார்கள்?

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சேர் சொன்னார். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. அந்தச் சபைக்கான 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில், வாங்குகிறவரைத் தவறாக நம்ப வைக்கும்படி வியாபாரி நடக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வேறு காரின் படத்தைப் போட்டது அதற்குள் வரும் என்பது என் எண்ணம். ஆனால் அதே சட்டத்தில் முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இதை வாசிக்கிற யாராவது இந்த மூன்று மாதத்துக்குள் வாகனம் எடுத்திருந்தால், இன்றைக்கே விளம்பரப் படங்களைத் தேடி எடுத்து வையுங்கள், பிறகு போய்ப் பின் கதவைத் திறந்து பாருங்கள். விளம்பரத்தை அவர்கள் அழித்துவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இராது.

பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, இனி அம்மாவை எப்படி ஏற்றுவது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. முதலில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். ரெக்சினில் தைத்த தலையணை மாதிரி ஒன்று, சீற்றைச் சுற்றி நாடாவால் கட்டுவது, சோடி 6,500 ரூபாய். பார்க்க நல்ல வடிவு. ஒரு விரலால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், அப்படியே சரிந்து போனது. உள்ளே பஞ்சு மட்டும்தான், சீற்றின் இரும்புச் சட்டத்தோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. 5 கிலோ பாரம் வேகமாக வந்து மோதினால் அது என்னத்தைத் தாங்கும்? கடைக்காரரிடம் கேட்டேன், அவர் மறைக்காமல் சொன்னார், "இது சாஞ்சு படுக்கத்தான் தங்கச்சி, அடிபட்டா நிக்காது." அந்த நேர்மைக்காக அவரிடம் பிறகு மிதிதடி வாங்கினேன். இந்தக் கட்டுத் தலையணைகளை வாங்கிப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று இருக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் கராஜ்காரர். இதே மொடலின் கூடின கிரேட் சீற்றுக்கும் அடியில் பூட்டும் இடம் ஒன்றுதான், பின் சீற்றின் முதுகை முழுதாக மாற்றலாம் என்றார். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லி, மூன்று கிழமை கழித்து இரண்டு பாதியும் ஹெட்ரெஸ்டோடு வந்து சேர்ந்தன. பொருளுக்கு 38,000, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது 2,000, பூட்டுக்கூலி 4,500. துணியின் நிறம் பொருந்தவில்லை, முன்னுக்குக் கறுப்பு, பின்னுக்குச் சாம்பல். பெல்ட் காரின் பொடியில் இருந்து வருவதால் அதைத் தொடவே தேவை இருக்கவில்லை. பூட்டிய பிறகு சீற்றின் கொழுக்கி முழுதாக விழுகிறதா என்று அவர் பத்துத் தரம் மடக்கி நிமிர்த்திப் பார்த்தார், நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரைகுறையாக விழுந்த கொழுக்கி டிக்கியில் இருக்கும் சாமானை முதுகில் கொண்டுவந்து தள்ளிவிடும்.

ஹெட்ரெஸ்ட் வந்ததோடு முடியவில்லை. அம்மாவை இருத்திப் பார்த்தால் அது கீழே இறங்கி அவர் பிடரிக்கும் கீழே நிற்கிறது. அப்படி இருந்தால் பிரயோசனம் இல்லை, தலை அதன் மேலால் மடங்கும். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் சொல்லும் கணக்கு இது: ஹெட்ரெஸ்டின் மேல் விளிம்பு உச்சந்தலைக்குக் கீழே 9 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கக்கூடாது, தலைக்கும் அதற்கும் இடைவெளி 10 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, கிட்டக் கிட்ட நல்லது. அளவுநாடா வேண்டாம், மேல் விளிம்பு காதின் மேல்நுனிக்கு மேலே நிற்கிறதா, பின்னால் ஒரு கைமுட்டிக்கு மேல் இடம் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்தால் போதும். பழைய சீற்றில் அம்மாவுக்கு உச்சந்தலையில் இருந்து சீற்றின் மேல் விளிம்புக்கு 23 சென்ரிமீற்றர் இருந்தது. இப்போது பொத்தானை அமத்தி இரண்டு படி உயர்த்தினால் 5. உயர்த்திய பிறகு கையால் மேலே இருந்து அமத்திப் பாருங்கள், கீழே வழுக்கினால் அந்தப் பல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பழைய வாகனங்களில் இது நிறைய.

எங்கள் ஒழுங்கையில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஹெட்ரெஸ்ட் மூன்றும் பொலித்தீனோடு அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன, கண்ணாடி மறைக்கிறதாம். ஆள் இல்லாதபோது முழுதாக இறக்கிவிட்டால் பெரும்பாலான கார்களில் மறைக்காது, ஆள் ஏறினால் உயர்த்துவது ஒரு நொடி வேலை. இன்னொரு வீட்டில், ஹெட்ரெஸ்டைக் கழற்றக்கூடியதாகச் செய்திருப்பதே ஆபத்து நேரத்தில் அதன் கம்பியால் கண்ணாடியை உடைக்கத்தான் என்று வட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டினார்கள். அது சரியில்லை. சீற்றை மடக்கவும், சில பிள்ளைச் சீற்றுகளைப் பொருத்தவும், கழுவவும்தான் கழற்ற வைத்திருக்கிறார்கள். பிள்ளைச் சீற்றுக்காகக் கழற்றினால் பெரியவர் இருக்கும்போது திரும்பப் போட வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

வாடகை வான்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கொழும்புக்கு இரவு வானில் போகும்போது நடுவில் இருக்கும் மடக்குச் சீற்றைப் பாருங்கள், முதுகு அரை உயரம்கூட இல்லை, அதில் இருந்து ஆறு மணித்தியாலம் தலை தொங்கத் தொங்க நித்திரை கொள்கிறார்கள். இப்போது நான் வான் பேசும்போது விலைக்கு முன் இதைத்தான் கேட்கிறேன். ஒருவர் "அக்கா மட்டும்தான் இப்பிடிக் கேக்கிறியள்" என்றார். அடுத்த முறை அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்ற வந்தபோது ஹெட்ரெஸ்ட் எல்லாம் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாலு பேர் கேட்டால் நாற்பது வானில் வரும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: காருக்கு, விற்றபடியே என்றால், ஐந்துக்கு இரண்டு. சேலுக்கு ஒன்று, அதுவும் கேட்டவுடன் ஏலத் தாளைக் காட்டியதற்காக. கராஜ்காரருக்கு ஐந்தும்.

அம்மா மூன்று கிழமை திருவலையில் குந்தித் தேங்காய் துருவ முடியாமல் இருந்தார், இப்போது துருவுகிறார், இடது பக்கம் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. புதுச் சீற்றிலும் நடு இடத்துக்கு ஹெட்ரெஸ்ட் இல்லை, அந்த மொடலுக்கே வரவில்லை. அதனால் எங்கள் காரில் இப்போது நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் இருந்தால் இவர் பஸ்ஸில் வருகிறார்.